கடைத்தெருவின் கணக்கும் கிணற்றடியின் கணக்கும்

வர்த்தகக் கட்டிடம் ஒன்று திறந்துவைக்கப்படும் நாளிலே அதனைப் பற்றிச் சொல்லப்படுவன யாவும் நல்லனவாகவே இருக்கின்றன. குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது, நாடா வெட்டப்படுகிறது, பிரமுகர்கள் பேசுகிறார்கள். எத்தனை மாடி, எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை என்னும் மூன்று வினாக்களுக்கும் அன்றே விடை கிடைத்துவிடுகிறது. நான்காவது வினா ஒன்றுண்டு. இக்கட்டிடம் தன் ஆயுள் முழுவதிலும் இம்மண்ணிடமிருந்து எடுக்கப்போவது எவ்வளவு, இம்மண்ணுக்குள் விடப்போவது எவ்வளவு, அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர் யார்? இவ்வினாவை விளக்கேற்றியவரும் கேட்பதில்லை. வரைபடத்துக்கு அனுமதி வழங்கிய சபையும் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்திலே மாடிகள் எழுவதைக் கண்டு மனம் வெதும்புகிறவர்கள் அல்லர் நாம். முப்பதாண்டுப் போரிலே குண்டு விழுந்து கூரையிழந்த கடைத்தெருக்களை நாம் அறிவோம். 2009 க்குப் பின்னர் எம்மவர் வியர்வையாலும், புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பிய பணத்தாலும் அவை மீண்டும் தலைநிமிர்ந்தமை எமக்குப் பெருமையே. ஆயினும், பெருமை வேறு, கணக்கு வேறு. வழக்கறிஞனிடம் வரும் கட்சிக்காரர் தமக்குச் சாதகமான பத்திரத்தை மாத்திரம் காட்டினால், மற்றப் பத்திரங்களையும் கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. வர்த்தகக் கட்டிடங்களின் விடயத்திலே மற்றப் பத்திரங்களை எவரும் இதுவரை பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

உலகம் இக்கணக்கை எழுதத் தொடங்கி நெடுநாளாயிற்று. ஒரு பொருளின் சுற்றாடற் பாதிப்பை மூலப்பொருள் தோண்டப்படுவது தொடங்கி அது குப்பையாகும் வரை அளக்கும் முறைக்கு, சர்வதேச நியமங்களுக்கான நிறுவனம் 1997 இல் 14040 ஆம் இலக்க நியமத்தை வகுத்தது. கட்டிடங்களுக்கென்றே 2011 இல் ஐரோப்பாவிலே தனி நியமம் ஒன்று வெளிவந்தது. கட்டிடங்களின் பாவனையும் அவற்றுக்கான பொருள்களின் உற்பத்தியும் சேர்ந்து 2021 இல் உலகின் சக்தி சார்ந்த காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் நூற்றுக்கு 37 பங்குக்குக் காரணமாயின என்று ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் கணித்தது. ஆகவே, நாம் பேசுவது ஏதோ மேனாட்டு நாகரிகக் கவலை என்று எவரும் எண்ணவேண்டாம். உலகளாவிய இக்கணக்கை விட, எங்கள் குடாநாட்டுக்கேயுரிய கணக்கொன்று உண்டு. அதனையே இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் பிறப்பு. சீமெந்து என்பது சுட்ட சுண்ணக்கல். ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்திலே கல்லைச் சுடும்போது, எரிக்கும் நிலக்கரியிலிருந்து எழும் புகை ஒருபுறமிருக்க, கல்லினுள்ளேயே கட்டுண்டு கிடந்த காபனீரொட்சைட்டும் வெளியேறுகிறது. தூய சுண்ணக்கல் ஆயிரம் கிலோ சுடப்பட்டால் 440 கிலோ வாயுவாகப் போய்விடும். எஞ்சுவது 560 கிலோ. எந்த எரிபொருளை மாற்றினாலும் இந்த இழப்பை மாற்றவியலாது. இது இரசாயன விதி. வேறு நாட்டில் சுடப்பட்ட சீமெந்துக்குள்ளும் இதே விதிதான். பையிலே அச்சிட்ட பெயர் மாறுகிறதே தவிர வேறில்லை.

சீமெந்தின் விலையை வடக்கு மக்களுக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துக் கற்பிக்க வேண்டியதில்லை. காங்கேசன்துறையிலே 1950 இல் தொழிற்சாலை எழுந்தது. அது 1990 வரை இயங்கியது. வலிகாமம் வடக்கின் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நாம் அதை மறுக்கவில்லை. போர் அதன் வாயிலை மூடிற்று. ஆனால், கல் அகழ்ந்த பள்ளங்களை மூட எவரும் வரவில்லை. கடலோரத்துச் சுண்ணக்கல்லைத் தோண்டுவதென்றால் நன்னீருக்கும் கடலுக்கும் இடையேயுள்ள சுவரைத் தோண்டுவதென்றே பொருள். தொழிற்சாலையின் ஆயுள் நாற்பதாண்டு. பள்ளத்தின் ஆயுளுக்கு எல்லை எழுதப்படவில்லை. ஆயுட்காலக் கணக்கு என்றால் என்ன என்று கேட்பவரை அப்பள்ளங்களின் விளிம்புக்கு அழைத்துச் செல்லலாம்.

மணலின் கதையும் அதுவே. வடமராட்சி கிழக்கின் மணற்காடு, குடத்தனைப் பகுதி மணற்றிட்டிகள் மாரிமழையை உறிஞ்சிச் சேமித்து, கடலை எட்டநிறுத்தும் இயற்கை அரண்கள். அங்கே டிப்பர் டிப்பராக மணல் அள்ளப்படுவதைக் குறித்து அவ்வூர் மக்கள் குரலெழுப்பிய காலமெல்லாம், அதைச் சட்டவிரோத மணல் அகழ்வு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அள்ளுபவன் குற்றவாளி, சரி. அம்மணலை வாங்கிக் கூரை ஊற்றியவன் யார்? அவன் பெயர் எந்த வழக்கேட்டிலும் இல்லை.

இனிக் கட்டிடத்தின் வாழ்வுக்கு வருவோம். எங்கள் பழைய கடைகளைப் பாருங்கள். தடித்த சுவர், ஓட்டுக் கூரை, பனைவளை, முன்னே விறாந்தை. வெயில் சுவரைத் தொடுவதற்கு முன் விறாந்தை அதைத் தடுத்தது. கூரையின் இடைவெளியால் வெக்கை மேலெழுந்து போயிற்று. இன்று எழுபவற்றிலே பல, நான்கைந்து மாடிக் கண்ணாடி முகப்போடு மேற்குத் திசை நோக்கி நிற்கின்றன. கண்ணாடிச் சுவர் குளிர்நாட்டார் வெயிலை உள்ளே வரவேற்கச் செய்துகொண்ட ஏற்பாடு. பங்குனி சித்திரையிலே நிழல் தேடி அலையும் நாம் எதற்காக அதனை வரவேற்க வேண்டும்? வெயிலை உள்ளே விட்டு, சாளரங்களைத் திறக்கவொட்டாமல் அடைத்து, பின்னர் அதே வெயிலை வெளியேற்ற மாடிதோறும் வளிச்சீராக்கிகளைப் பூட்டுகிறார்கள். அழகு என்று சொல்கிறார்கள். வாதாட விருப்பமில்லை, ஆனால், அந்த அழகின் மின்பட்டியல் கட்டிடம் நிற்கும் காலமெல்லாம் வந்துகொண்டேயிருக்கும்.

பல நாடுகளிலே செய்த ஆய்வுகள் காட்டுவது இதுதான்: வழக்கமான அலுவலகக் கட்டிடமொன்றின் ஆயுட்காலச் சக்திச் செலவில் பெரும்பங்கு, நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல், அதைக் கட்டுவதில் அன்று, அதைக் குளிர்விப்பதிலும் ஒளியூட்டுவதிலும் இயக்குவதிலுமே போகிறது. கட்டும்போது சிக்கனம் பார்த்துச் சன்னற்கூடலையும் சுவர்த்தடிப்பையும் குறைத்தவர், அச்சிக்கனத்தின் நட்டத்தை வாடகைக்காரர் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறார். அம்மின்சாரத்திலே ஒரு பெரும் பகுதி நுரைச்சோலையிலிருந்து வருகிறது. 900 மெகாவாற்று வலுவுடைய அந்நிலையம் எரிப்பது இறக்குமதி நிலக்கரி. கடைக்காரரின் குளிர்ச்சிக்காக எரியும் கரியின் சாம்பல் கற்பிட்டிக் கரையோர மக்களின் முற்றத்திலே விழுகிறது.

வளிச்சீராக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அதனுள்ளே சுழலும் வாயுக்களிலே பரவலாகப் பயன்படும் ஒருவகை, ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஒப்பான வெப்பத்தைத் தரவல்லது. பழுதுபார்ப்பவர் குழாயைக் கழற்றிக் காற்றிலே ஊதிவிடும் அச்சிறு சத்தத்தின் பெறுமதி அவ்வளவு. இதுவும் போதாதென்று, வாடகைக்கு வருபவர் மாறும்போதெல்லாம் உட்கூரை, பலகைத் தடுப்பு, விளக்கு, முகப்பு யாவும் பிய்த்தெறியப்பட்டுப் புதிதாகப் பூட்டப்படுகின்றன. கட்டிடம் ஒன்று; அதன் உட்புறம் அறுபதாண்டிலே பத்துத்தடவை பிறந்து இறக்கிறது.

இவை எல்லாம் எந்த நாட்டுக்கும் பொருந்துவன. குடாநாட்டுக்கு மாத்திரம் உரியது நீர்.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் எமது. வழுக்கையாறும் மாரியிலே மாத்திரம் ஓடுவது. பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் எழுபதாண்டு கடந்தும் முழுமைபெறவில்லை. எமக்குள்ள ஒரே ஆறு எங்கள் காலடியிலே, சுண்ணக்கல்லின் பிளவுகளுக்குள்ளே கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை அப்பிளவுகளுக்குள் இறங்கி, கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியலார் கண்ட விதி. இதை மறுபுறமாகப் படித்துப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே நாற்பது அடி உவர் ஏறுகிறது. துலா மிதித்த காலத்திலே இவ்விதியின் பெயரைத் தெரியாமலே எங்கள் விவசாயிகள் அதற்கு அடங்கி நடந்தார்கள்.

இரண்டு பரப்புக் காணியை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 500 சதுர மீற்றர். குடாநாட்டில் ஓராண்டிலே பெய்யும் மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர். ஆகவே, அந்த இரண்டு பரப்பின் மீது ஆண்டுதோறும் விழும் நீர் ஆறு இலட்சம் லீற்றர். அது வெறுங்காணியாகவோ வாழைத்தோட்டமாகவோ இருந்தபோது, ஆவியானதும் வேர் குடித்ததும் போக எஞ்சியது நிலத்தினுள் இறங்கிற்று. காணி முழுவதும் கொங்கிறீற்று மூடி, முற்றத்துக்கும் கல் பதித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கியபின் அம்மழை வடிகாலுக்குப் போகிறது. வடிகாலிலிருந்து கடல்நீரேரிக்குப் போகிறது. ஆனால், அதே கட்டிடம் தனக்கு வேண்டிய நீரைக் குழாய்க்கிணறு துளைத்து அதே நிலத்திலிருந்து உறிஞ்சுகிறது. வைப்புச் செய்யாமல் வங்கியிலே பணம் எடுப்பவனை நாம் என்னவென்று அழைப்போம்? ஒரு கட்டிடமானால் பாதகமில்லை. வீதியின் இருமருங்கும் அவ்வாறே ஆகிவிட்டால், கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் வெங்காயத்துக்கு நீர் இறைப்பவன் தன் கிணற்றிலே உவர்ச்சுவையைக் காண நேரும். காரணம் என்னவென்று அவனுக்கு எவரும் சொல்லமாட்டார்கள்.

எடுப்பதை விட விடுவது கொடிது. குழாய்வழிக் கழிவுநீர்த் தொகுதி இல்லாத நகரம் யாழ்ப்பாணம். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் வணிக வளாகத்துக்கும் உணவுச்சாலைக்கும் விடுதிக்கும் மலக்குழிதான் கதி. களிமண் நிலமானால் கழிவு மெல்ல வடிந்து ஓரளவு தூய்மையாகும். சுண்ணக்கல்லிலோ பிளவு கண்ட இடத்தால் நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று அளவு மீறியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இச்செய்தி வெளிவரும்போதெல்லாம் கையெல்லாம் விவசாயியை நோக்கியே நீளுகிறது: யூரியா போட்டான், கிணற்றைக் கெடுத்தான். யூரியாவுக்குப் பங்குண்டு, அதனை மறைத்து விவசாயிக்கு முகமன் கூற நாம் வரவில்லை. ஆனால், மலக்குழிக்கும் பங்குண்டென்று அதே ஆய்வாளர்கள் சொன்ன மற்றப் பாதியைப் படித்தவர் சிலரே. ஒரு பை உரத்துக்குக் கணக்குக் கேட்கும் சமூகம், நான்கு மாடியின் கழிவுக்குழிக்குக் கணக்குக் கேட்கத் தயங்குவது ஏன்? விவசாயியிடம் கேட்பது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் எமக்குப் புலப்படவில்லை.

கிணறு கெட்டபின் என்ன செய்கிறோம் என்பதையும் பார்த்தாயிற்று. 2024 இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் வலுவுடையது. தாகத்தோடிருந்த மக்களுக்கு அது வேண்டியதே. ஆயினும், இம்முறையிலே ஒரு கனமீற்றர் நீருக்கு மூன்று அல்லது நான்கு அலகு மின்சாரம் செலவாகும். வானத்திலிருந்து இலவசமாக விழுந்ததைக் கடலுக்கு ஓடவிட்டு, கடலிலிருந்து அதையே நிலக்கரி எரித்து மீட்டெடுக்கிறோம்.

இறுதியாக, கட்டிடத்தின் மரணம். பழைய வீடோ கடையோ இடிக்கப்பட்டபோது ஓடு விற்கப்பட்டது, பனைவளை விற்கப்பட்டது, சுண்ணச்சாந்து உதிர்ந்த கல் அடுத்த சுவருக்குப் போயிற்று. சுண்ணாம்பும் கல்லைச் சுட்டே வந்தது என்று பொறியியலாளர் ஒருவர் குறுக்கிடக்கூடும். உண்மை. ஆனால், சுண்ணச்சாந்து உலரும்போது காற்றிலிருந்து அதே வாயுவைப் பெரும்பாலும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது, பிரித்தெடுக்கவும் விடுகிறது. கொங்கிறீற்றை உடைத்தால் கம்பியை மாத்திரம் இரும்புக்காரர் கொண்டுபோகிறார். மற்றதெல்லாம் இடிபாடு. இடிபாடு எங்கே போகிறது? கல்லுண்டாய் வெளிக்கும், நீரேரிக் கரைக்கும், ஒருகாலத்தில் குளமாயிருந்த பள்ளத்துக்கும். மாரிநீரை நிலத்துக்குள் இறக்கிவைத்த குளத்தை இடிபாட்டால் நிரப்பி, அதன்மீது மற்றொரு கட்டிடம் எழுப்பப்படுவதையும் இந்நகரம் கண்டிருக்கிறது.

இத்தனைக்கும் சட்டம் எங்கே நிற்கிறது? 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் ஒரு கட்டிடத்தை இரண்டு தடவை பார்க்கின்றன. வரைபடம் சமர்ப்பிக்கும்போது ஒரு தடவை. கட்டி முடித்து, குடிபுகுமுன் அமைவுச் சான்றிதழ் கேட்கும்போது மற்றொரு தடவை. வீதியிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை அடி உயரம், எத்தனை வாகனத்துக்கு இடம் என்பன அப்போது அளக்கப்படுகின்றன. அதன்பின் கட்டிடம் சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. சுற்றாடல் தாக்க மதிப்பீடோ, 1988 இல் தேசிய சுற்றாடற் சட்டம் திருத்தப்பட்ட பின்னர் வந்தது. வர்த்தகக் கட்டிடத்துக்கு அது வேண்டுமானால் தளப்பரப்பு 10,000 சதுர மீற்றரைத் தாண்டவேண்டும் என்று வர்த்தமானி எல்லை வகுத்தது. யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவிலே இரண்டு பரப்பில் எழும் ஐந்து மாடியின் மொத்தத் தளமும் அதிலே காற்பங்குதான். கொழும்பின் கோபுரங்களுக்கு வகுத்த வலை. எங்கள் மீன்கள் யாவும் அதன் கண்ணூடே தப்பிவிடுகின்றன.

டென்மார்க்கு 2023 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் புதிய கட்டிடங்களுக்கு ஐம்பதாண்டு ஆயுட்காலக் கணக்கைக் கட்டாயமாக்கியது. 1,000 சதுர மீற்றருக்கு மேற்பட்டவை, ஆண்டுக்குச் சதுர மீற்றர் ஒன்றுக்கு 12 கிலோ காபனீரொட்சைட்டுக்கு மேல் வெளியிடலாகாது என்றது. 2025 இல் அவ்வெல்லையையும் இறுக்கியது. ஒன்றுக்குப் பத்து என்ற வித்தியாசத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

கொழும்பைக் குறைகூறி இக்கட்டுரையை முடிப்பது எமக்கு எளிது, பழகியும் போயிற்று. ஆனால், கையிலிருக்கும் அதிகாரத்தை நாம் பயன்படுத்தினோமா என்பதே இங்கு கேள்வி. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, 2009 ஒழுங்குவிதிகளின்படி நகரப் பகுதிகளிலே குறித்த வகைக் கட்டிடங்கள் மழைநீரைச் சேகரித்தே ஆகவேண்டும் என்றாயிற்று. எங்கள் சபைகளிலே எத்தனை அமைவுச் சான்றிதழ்கள் அத்தொட்டியை நேரிற் பார்த்தபின் கையொப்பமிடப்பட்டன? பதின்மூன்றாவது திருத்தத்தின்படி, பாராளுமன்றச் சட்டத்துக்கு அமைவாகச் சுற்றாடலைப் பாதுகாக்கும் அதிகாரம் மாகாணத்துக்கும் உண்டு. வடமேல் மாகாணசபை 1990 இலேயே 12 ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச் சட்டத்தை ஆக்கித் தனக்கென அதிகாரசபையொன்றை அமைத்துக்கொண்டது. அதிகாரப் பகிர்வுக்காக எங்களைப்போல் சிறைசென்றவர்கள் அல்லர் அம்மாகாணத்தார். கொடுத்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே.

நீதிமன்றமும் வழி காட்டியிருக்கிறது. எப்பாவலைப் பொசுபேற்று வழக்கிலே 2000 ஆம் ஆண்டில், நாட்டின் வளங்களுக்கு அரசு பாதுகாவலன் என்றும், மாசுபடுத்தியவனே விலை கொடுக்கவேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் எடுத்துரைத்தது. அவ்வழக்கைத் தொடுத்தோர் அவ்வூர்க் குடிமக்கள், விவசாயிகள். 2019 ஏப்ரலிலே சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லது. எண்ணெய் இறங்கிய பாறையை எந்தத் தீர்ப்பும் கழுவித் தராது. அதனாலேயே வழக்குக்கு முன் கணக்கு வேண்டும் என்கிறோம்.

2023 மார்ச்சிலே கலைந்த உள்ளூராட்சிச் சபைகள், 2025 மேத் தேர்தலின்பின் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளோடு கூடின. அவற்றிடம் நாம் கேட்பது பெரிதன்று. 500 சதுர மீற்றர் தளப்பரப்பைத் தாண்டும் எந்த வர்த்தகக் கட்டிடத்தின் வரைபடத்தோடும் நான்கு பக்கக் கணக்கொன்று இணைக்கப்படவேண்டும். கல்லும் மணலும் எந்த அனுமதிப்பத்திரத்தின் கீழ் வருகின்றன, ஆண்டு மின்செலவு எவ்வளவு மதிக்கப்பட்டிருக்கிறது, கூரைநீர் எங்கே இறங்குகிறது, மலக்கழிவு எவ்வாறு சுத்திகரிக்கப்படுகிறது, இடிக்கும் நாளில் இடிபாடு எங்கே போகும் என்பவற்றுக்கு அதிலே விடையிருக்கவேண்டும். ஐந்தாண்டுக்கொரு தடவை சபையின் அலுவலர் சென்று அக்கணக்கை ஒப்பிடவேண்டும். சிறு கடைக்காரர் இதனால் நசுங்குவார் என்று அஞ்சுவோருக்காகவே 500 என்னும் எல்லையை வைத்தோம். தகரக்கொட்டகைத் தேநீர்க்கடைக்காரரிடம் எவரும் நான்கு பக்கம் கேட்கப்போவதில்லை. உபவிதிக்கு மாகாண மட்டத்து அங்கீகாரமும் வர்த்தமானிப் பிரசுரமும் வேண்டும், காலம் எடுக்கும். ஆதலால், வரைவை இப்போதே தொடங்கவேண்டும்.

பொறியியலாளர்களே, வரைபடத்தில் கையொப்பமிடுவோர் நீங்கள்; அந்நான்கு பக்கத்தையும் எழுத வல்லோரும் நீங்களே. கமக்காரர் அமைப்புகளிலே உள்ள நண்பர்களே, உங்கள் வட்டாரத்து உறுப்பினர் அடுத்தமுறை படலைக்கு வரும்போது, வீதிவிளக்கையும் மதகையும் கேட்பதற்கு முன், இவ்வுபவிதியைச் சபையிலே எந்தக் கூட்டத்தில் பிரேரிக்கப்போகிறார் என்று கேளுங்கள். திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.